ஞாயிற்றுக்கிழமை பிரியாணியா, தினமும் சுண்டலா?

போன வைகாசியில் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டான்: "அக்கா, சனி ஞாயிறு ரெண்டு நாளும் ரூம்ல சும்மாதான் கிடக்கேன். பசங்களுக்குச் சாப்பாடு போடுறாங்கள்ல, அந்த மாதிரி ஒரு இடத்துல என்னையும் சேத்து விடுங்களேன். எது நல்ல இடம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் எட்டு வருடமாகப் போய் வருகிறேன். மண்டபத்து மிச்சச் சாப்பாட்டை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்டா வைத்துச் சமைக்கிற கூட்டத்தில் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு ஒரு வருடம் பணம் மட்டும் அனுப்பினேன். இப்போது பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் மாலை வகுப்பில், பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். எல்லாமே நல்ல வேலைதான். ஆனால் எல்லாம் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை, ஒரே பசியையும் தொடுவதில்லை. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பசி எந்த நேரத்தில் இருக்கிறது

சென்னையில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேளையும் பட்டினி கிடக்கிற ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த ஊரில் அப்படிப்பட்ட பிள்ளையை அதிகம் பார்க்க முடியாது. பார்க்க முடியாமல் போனதற்குப் பின்னால் நூறு வருட உழைப்பு இருக்கிறது. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவழித்து மதிய உணவு போட்டது. 1956-இல் காமராஜர் மதிய உணவை மாநிலத்துக்கே கொண்டுபோனார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு அதே வருடம் செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. பிறகு முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

அப்படியானால் பசி எங்கே இருக்கிறது என்று தம்பியும் கேட்டான். ஒரு தாளை எடுத்து அவனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு மூன்று வேளை என்றால் 1,095 வேளை. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை குறைந்தது 200 வேலைநாட்கள் கேட்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலையும் மதியமும் பள்ளியில் கிடைத்தால் 400 வேளை ஆயிற்று. மிச்சம் 695 வேளை வீட்டுப் பொறுப்பு. அதே பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடும். அங்கே வேலைநாட்கள் 220. மதியச் சோறு 220 வேளை. மிச்சம் 875. வளர்கிற வயதில், அதிகம் பசிக்கிற வயதில், பள்ளியில் கிடைக்கிற வேளைகள் ஏறக்குறைய பாதியாகிவிடுகின்றன.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் மாலை நாலரை மணிக்குக் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ வந்து நில்லுங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதிகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் இங்கே நிறைய. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்துக்கு வந்தவர்களும் ஏராளம். வீடு இங்கே வந்துவிட்டது, வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. மயிலாப்பூரிலோ தேனாம்பேட்டையிலோ வீட்டு வேலை செய்யும் அம்மா விடியற்காலையில் பஸ் ஏறினால், திரும்பி வர ஏழு, ஏழரை ஆகிவிடும். வீட்டில் அரிசி இருக்கும். காலையில் வடித்த சோறும் இருக்கும். குழம்பு தீர்ந்திருக்கும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை அம்மா வந்து அடுப்பு பற்ற வைக்கும் வரை ஏழு மணி நேரம் இருக்க வேண்டும். அதற்காக அம்மா அலமாரியில் வைத்துவிட்டுப் போகிற காசு பெட்டிக்கடைக்குப் போகும். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகள்தான் அந்தக் குடியிருப்பின் மாலை உணவு.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. அரிசிச் சோறு இல்லாததால் வந்த குறை என்று இதைச் சொல்ல முடியாது. பருப்பு, முட்டை, கீரை, காய், அதைச் சமைத்துக் கொடுக்க ஒரு ஆள், அந்த ஆளுக்கு நேரம் இவையெல்லாம் சேர்ந்து போதாமல் போனதுதான் எனக்குத் தெரிகிறது.

எனவே தம்பியிடம் நான் முதலில் சொன்னது இது: உனக்கு ஒழிந்த நேரம் வேறு, அவர்களுக்குப் பசிக்கிற நேரம் வேறு. இரண்டும் எந்த இடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்று பார்த்துத்தான் நீ இடம் தேட வேண்டும்.

மண்டபத்து மிச்சம்

படித்த இளைஞர்களை முதலில் இழுப்பது இதுதான். நானும் இதில்தான் தொடங்கினேன். ஒரு பக்கம் கல்யாண மண்டபத்தில் அண்டா அண்டாவாகச் சோறு கொட்டப்படுகிறது, இன்னொரு பக்கம் பிள்ளை பசியோடு இருக்கிறது. நடுவில் ஒரு வண்டி ஓடினால் போதாதா என்று யாருக்கும் தோன்றும். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய நோ ஃபுட் வேஸ்ட் அமைப்பு இதை ஒழுங்கான முறையாக்கிக் காட்டியது. அதே வருடம் தில்லியில் தொடங்கிய ராபின் ஹுட் ஆர்மியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. பணமாக யாரிடமும் வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை. செலவு குறைவு, கொட்டப்படுகிற உணவு காப்பாற்றப்படுகிறது, வண்டியும் தெம்பும் உள்ள பையன்கள் உடனே இறங்கிவிடலாம். இவை பெரிய வசதிகள்.

ஆனால் மண்டபம் பஞ்சாங்கத்தைப் பார்த்து நடக்கிறது. ஆவணியிலும் தையிலும் ஒரே முகூர்த்த நாளில் நாலு மண்டபத்திலிருந்து போன் வரும், எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் மாதம் முழுக்க வண்டி சும்மா நிற்கும். நாள்தான் இப்படி என்றால் நேரமும் அப்படித்தான். முகூர்த்தச் சாப்பாடு மிஞ்சியது தெரிய மதியம் மூன்று மணியாகும். ரிசப்ஷன் சாப்பாடு மிஞ்சியது தெரிய இரவு பத்தரை. அந்த நேரத்தில் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். இரவுச் சாப்பாட்டை அரசு மருத்துவமனை வாசலில் காத்துக் கிடக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கும், நடைபாதையில் படுத்திருப்பவர்களுக்கும், இரவுக் காப்பகங்களுக்கும் கொண்டுபோவதுதான் பொருத்தம். அங்கே அது அருமையான உதவி. பிள்ளைகளுக்கு என்று குறிப்பாகக் கேட்டால், இது அவர்களுக்கான வழி இல்லை என்றுதான் சொல்வேன்.

அப்படி நான் முடிவு கட்டியதற்கு ஒரு நாள் காரணம். ஒரு மண்டபத்திலிருந்து மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பெரிய அண்டா சாம்பார் சாதம். நாங்கள் போய் ஏற்றிக்கொண்டு வருவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. விஷயம் தெரிந்து பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் முப்பது வருடம் கேட்டரிங் மாஸ்டராக இருந்த பெரியவர் ஒருவர் உண்டு. மூடியைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டு எடுத்து, புறங்கையில் கொஞ்சம் வைத்துப் பார்த்தார். "கொதிக்கவும் இல்ல, ஆறவும் இல்ல. ஒரு மணியிலேர்ந்து மூடியே கெடந்திருக்கு. இது வேணாம்மா" என்றார். வாடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுபடி கொதிக்க வைத்துவிடலாமே என்று ஒரு பையன் கேட்டான். கூடாது என்று பெரியவர் தலையை அசைத்துவிட்டார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: சமைத்த உணவை ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும். இடையில் கிடக்கிற சோற்றில் ஒரு வகைக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. அவருக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை, கை பழகி வந்தது.

இரண்டு அண்டாவையும் பிள்ளைகள் கண் முன்னாலேயே திரும்ப வண்டியில் ஏற்றினோம். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. ஓடிப்போய் வாழைப்பழமும் பொறையும் வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து ருசி பார்த்து முடியாமல் ஒரு பிள்ளையையும் உட்கார வைப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டோம். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2019-இல் மிச்ச உணவைச் சேகரித்துக் கொடுப்பதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் சேரப்போகிற குழுவில் யாருக்கு அந்த விதிகள் தெரியும் என்று கேளுங்கள். தேங்காய் சேர்ந்தது முதலில் கெடும், தயிர்ப் பச்சடி அடுத்தது என்கிற அளவுக்காவது தெரிந்த ஒருவர் இல்லாத குழுவில் பிள்ளைகளுக்குப் பரிமாறப் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்டா

வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியான நாள் என்பதால் பெரும்பாலான குழுக்கள் ஞாயிற்றுக்கிழமைதான் சமைக்கின்றன. சூடாகச் சமைத்துச் சூடாகப் போடுவதால் கெட்டுப்போகிற பயம் இல்லை. ஆளுக்கு 100 கிராம் அரிசி என்று வைத்தால் 150 பிள்ளைகளுக்கு 15 கிலோ. காலை ஆறு மணிக்கு வெங்காயத்தில் தொடங்கி மூன்று மணிக்கு அண்டா தேய்ப்பதில் முடியும். பரிமாறுவது அரைமணி நேர வேலை, மிச்சமெல்லாம் நறுக்குவதும் தேய்ப்பதும்தான். அதற்கு மனது ஒப்பினால் இதில் சேரலாம். பெரிய அளவில் சமைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் சூழ்ந்தபோது அண்டாவும் அடுப்பும் ஆட்களும் தயாராக இருந்த குழுக்கள்தான் மறுநாளே சோறு கொடுக்க முடிந்தது. அந்தப் பழக்கத்துக்கு விலையே இல்லை.

இருந்தும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. இந்தக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை பல அம்மாக்கள் வீட்டில் இருக்கிற ஒரே நாள். அரைக் கிலோ கறியாவது எடுத்துக் குழம்பு வைக்கிற நாளும் அதுதான். வாரத்தில் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வயிறு நிறைகிற நாளில் நாம் பிரியாணியோடு போய் நிற்கிறோம். ஒரு தீபாவளி வாரத்து ஞாயிறு ஒரே தெருவில் மூன்று குழுக்கள் வந்து நின்றதைப் பார்த்தேன். பிள்ளைகள் மூன்றாவது பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை அதே தெருவில் ஒருவரும் இல்லை.

பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு குடும்பம் தங்கள் மகனின் பிறந்தநாளுக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டது. நல்ல மனிதர்கள், அன்பாகத்தான் வந்தார்கள். ஆனால் பிரியாணி தட்டில் விழுந்த பிறகு, வாழ்த்துப் பாட்டுப் பாடி, படம் எடுத்து முடியும் வரை பிள்ளைகள் சாப்பிடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. பதினோரு வயதுப் பெண் ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கூடப் படிக்கிறவர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவள் தம்பி மட்டும் வந்து, "அக்கா பசிக்கலன்னு சொன்னாங்க" என்றான். பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தை இணையத்தில் போடுகிற எந்தக் குழுவிலும் நான் சேர மாட்டேன், சேரச் சொல்லவும் மாட்டேன்.

இதனால் ஞாயிறு அண்டாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மே மாதத்தில் பள்ளியும் சத்துணவும் மூடியிருக்கும்போது அதே அண்டாவை வாரத்தில் இரண்டு மதியம் வைத்தால் அதற்கு ஈடு இணை இல்லை. நீங்கள் சேரப்போகிற குழுவிடம் "மே மாதம் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

சாயங்காலச் சுண்டல்

நான் இப்போது இருப்பது இங்கே. என் சாய்வும் இதன் பக்கம்தான் என்பதை மறைக்கவில்லை.

அந்தக் குடியிருப்பிலேயே வளர்ந்து பி.காம். முடித்த ஒரு பெண் நடத்துகிற வகுப்பு இது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வியைக் கொண்டுவந்தபோது, அந்தந்தப் பகுதியிலேயே இருக்கிறவர்கள் மாலையில் பாடம் சொல்லித் தந்தால் பிள்ளைகள் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தோம். இந்த வகுப்பும் அந்த மாதிரிதான். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்து முதல் ஏழு. நாற்பது பிள்ளைகள். முதலில் பாடம் மட்டும்தான் இருந்தது. ஐந்தரைக்கு மேல் "தலை வலிக்குதுக்கா" என்று ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடிப் படுப்பார்கள். மத்தியானம் என்ன சாப்பிட்டே என்று கேட்டபோதுதான் அது தலைவலி இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

கணக்கு எளியது. ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலை. நாற்பது பேருக்கு ஒரு கிலோ 200 கிராம். முதல் நாள் இரவு ஊறப் போட்டால் மறுநாள் இரண்டு மடங்குக்கு மேல் பொங்கி நிற்கும். கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்குக் கடலை 3 ரூபாய். எண்ணெய், கடுகு, கறிவேப்பிலை, துருவிய தேங்காய், காஸ் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அஞ்சு ரூபாய். பெட்டிக்கடைப் பாக்கெட்டின் அதே அஞ்சு ரூபாய். அந்த ஒரு கை சுண்டலில் ஒரு முட்டைக்குச் சற்றேறக்குறைய ஈடான புரதம் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்தாலோ, மாங்காய்க் காலத்தில் பொடியாக நறுக்கிப் போட்டாலோ, கடலையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். திங்கள் கொண்டைக்கடலை, செவ்வாய் வேர்க்கடலை, புதன் பச்சைப்பயறு, வியாழன் தட்டைப்பயறு, வெள்ளி வேகவைத்த முட்டை.

சமைப்பது தன்னார்வலர்கள் இல்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். முன்பு திருவல்லிக்கேணி வரை போய் வேலை செய்தவர். அந்தச் சம்பளம் அவருக்கு வேண்டும், தினமும் தவறாமல் அடுப்பில் நிற்கிற ஒருவர் எங்களுக்கு வேண்டும். எங்கள் வேலை கடலை வாங்குவது, ஊறப் போடுவது, வந்து பரிமாறுவது, பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வைப்பது. தங்கையையோ தம்பியையோ இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் உண்டு. அந்தச் சின்னதுகளுக்கு முழுக் கடலை தொண்டையில் சிக்கிவிடும் என்பதால் தனியாக மசித்துக் கொடுப்போம். யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று முன்பே வீட்டில் கேட்டு வைத்திருக்கிறோம்.

இதில் படமெடுக்க ஒன்றும் இல்லை. பிரியாணி போட்ட நாளில் பிள்ளைகள் கத்துகிற சந்தோஷமும் இங்கே கிடையாது. ஒரு காகிதக் கிண்ணத்தில் ஒரு கை சுண்டல், அவ்வளவுதான். ஆனால் நாற்பது பேரின் பெயரும் எனக்குத் தெரியும். யார் இரண்டு நாளாக வரவில்லை என்று தெரியும். யார் பாதியை மடித்துப் பையில் வைக்கிறார்கள், வீட்டில் யாருக்காக வைக்கிறார்கள் என்றும் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு லோடு ஏற்றப் போகிறான் என்பது முதலில் தெரிந்தது இந்தச் சுண்டல் வரிசையில்தான். வகுப்பு நடத்தும் பெண் அன்றே அவன் வீட்டுக்குப் போனாள். அவன் இப்போது பத்தாவது படிக்கிறான்.

கஷ்டமும் இதில்தான் அதிகம். ஞாயிறு அண்டாவுக்கு நீங்கள் ஒரு வாரம் போகாவிட்டால் வேறொருவர் வெங்காயம் நறுக்குவார். இங்கே வியாழக்கிழமை உங்கள் முறை என்றால் நீங்கள்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழன் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டேன், ஊறப் போட மறந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஏழு மணி வரை பார்த்திருக்கிறார்கள். மறுநாள் போனபோது ஒருவரும் கோபிக்கவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும், "அக்கா, இனிமே வியாழக்கிழமை கெடையாதா?" என்று கேட்டாள். என்னை நம்பி அஞ்சு ரூபாயை அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் அவள். மாதத்தில் நாலு முறை வர முடியாதவர் இரண்டு முறை என்று சொல்லிவிட்டு அந்த இரண்டு முறையும் தவறாமல் வந்தால் போதும். நாலு என்று சொல்லிவிட்டு மூன்று வருவது கூடவே கூடாது.

சோறு போடாமலே சோறு கிடைக்கச் செய்வது

பலர் யோசிக்காத வழி இது. வீடு மாற்றப்பட்டு வந்த குடும்பங்களில் ரேஷன் கார்டு பழைய முகவரியிலேயே கிடப்பது உண்டு. புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயர் சேர்க்காமல் இருப்பது உண்டு. நடுவருடத்தில் வந்ததால் எந்தப் பள்ளியிலும் சேராமல் நிற்கிற பிள்ளை உண்டு. அங்கன்வாடி அடுத்த பிளாக்கில் இருந்தும் அங்கே சத்துமாவு கிடைக்கும் என்று தெரியாத இளம் தாய் உண்டு. ஒரு கார்டில் முகவரி மாறினால் அந்த வீட்டுக்கு மாதா மாதம் அரிசியும் பருப்பும் பக்கத்திலேயே கிடைக்கும். ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டால் வருடத்துக்கு 200 மதியமும், சின்ன வகுப்பென்றால் 200 காலையும் கிடைக்கும். எந்த அண்டாவாலும் இதைச் செய்ய முடியாது. விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த, இணையத்தில் பதிவேற்றத் தெரிந்த, அலுவலகத்தில் போய்ப் பொறுமையாக நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் இதில் வந்தால் பெரிய பலம். பகல் நேரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

பணம்

வர முடியாதவர் பணம் அனுப்புவது குறைந்த உதவி என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் முட்டையும் அந்த அம்மாவின் சம்பளமும் அப்படி வருகிற பணம்தான். ஒரே தடவையாக ஐயாயிரம் கொடுப்பதைவிட மாதம் ஐந்நூறு என்று வந்தால் திட்டம் போட முடிகிறது. நன்கொடைக்கு வருமான வரி விலக்கு தரும் 80ஜி ரசீது பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு உதவும், புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அந்த விலக்கு கிடையாது. கணக்கை எப்போது கேட்டாலும் காட்டுகிற இடத்துக்குக் கொடுங்கள். தட்டில் முட்டை உண்டா என்றும் கேளுங்கள். வளர்கிற பிள்ளைக்கு, வீட்டில் முட்டை சாப்பிடுகிற பிள்ளைக்கு, கொடுப்பவரின் வழக்கத்துக்காக முட்டையை நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

எந்த வழியாக இருந்தாலும் சேருமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவரைப் பற்றி அந்தக் குழு எதுவுமே விசாரிக்காமல் முதல் நாளே பிள்ளைகளோடு விட்டுவிட்டால், அங்கே கவனம் போதவில்லை என்று அர்த்தம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் தனியாக ஒரு பிள்ளையை எங்கும் அழைத்துப் போகக் கூடாது. அடையாள அட்டையும், தெரிந்த இருவரின் பெயரும் கொடுக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. இதைக் கேட்டு முகம் சுளித்துப் போனவர்கள் உண்டு. போகட்டும் என்றுதான் விட்டோம்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ சனி ஞாயிறு எதுக்கும் ஆகாதாக்கா?" என்றான். ஆகும். சனிக்கிழமை வீடு வீடாகப் போய் யாருக்குக் கார்டு இல்லை, யார் பள்ளியில் இல்லை என்று எழுதிக்கொண்டு வரலாம். மே மாதம் அண்டாவுக்கு வரலாம். முகூர்த்த நாள் இரவில் வண்டி ஓட்டலாம், அது பிள்ளைகளுக்கு இல்லாவிட்டாலும் பசித்த ஒருவருக்குப் போய்ச் சேரும். அதெல்லாம் சொன்னேன். அவன் தன் அலுவலகத்தில் எந்த நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். சோழிங்கநல்லூரிலிருந்து பெரும்பாக்கம் பைக்கில் பத்து, பதினைந்து நிமிடம்.

ஆடி முதல் வாரத்திலிருந்து புதன்கிழமை அவன் முறை. முதல் மாதம் நான் கூடவே போனேன், பச்சைப்பயறைக் குழைய விட்டுவிட்டால் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று காட்டினேன். செவ்வாய் இரவு பத்து மணி வாக்கில் ஊறப் போட்ட பாத்திரத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். நேற்றைய படத்தில் பயறு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. என்னடா என்று கேட்டேன். எதிர் பிளாக்கிலிருந்து புதிதாக ஆறு பேர் வருகிறார்களாம்.